உலக வங்கி நம்ம ஊர் வகுப்பறைக்கு எந்த வாசல் வழியா வருது?

எம்.எட்_காரைக்குடி:
உலகமயமும் வளரும் நாடுகளின் கல்விக் கொள்கையும் என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் '1991-க்குப் பிறகு உலக வங்கி நுழைந்தது' என்பதோடு விட்டுவிடுகிறார்கள். எப்படி நுழைந்தது? சாக்கோட்டை ஒன்றியத்தில் நின்றுகொண்டு 'இது அங்கிருந்து வந்தது' என்று கையைக் காட்ட முடியுமா?

பள்ளத்தூரான்:
காட்டலாம் தம்பி. ஒன்றியத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்துக்குப் போங்க. 1990-இல் தாய்லாந்தின் ஜோம்தியெனில் 'அனைவருக்கும் கல்வி' மாநாடு. மறு வருஷமே நமக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி. தொடக்கக் கல்விக்கு வெளிக்கடன் வாங்கத் தயங்கிக்கொண்டிருந்த டெல்லி, 1994-இல் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தது. மத்திய அரசு 85 விழுக்காடு, மாநிலம் 15. மத்திய அரசின் பங்குக்குப் பின்னால் உலக வங்கிக் கடனும், பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளின் உதவியும் இருந்தன. மாவட்டவாரித் திட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் எல்லாம் அதன் வார்ப்பு. 2001-இல் எஸ்.எஸ்.ஏ. என்ற அனைவருக்கும் கல்வி இயக்கம் அந்த வார்ப்பை எடுத்துக்கொண்டு, டி.பி.இ.பி. நடக்காத மாவட்டங்களுக்கும் பரப்பியது.

கணக்குப்பிள்ளை:
அது பழைய வாசல். அண்மையதற்கு 2020-இல் ஒப்புதல் பெற்ற 'ஸ்டார்ஸ்' திட்டத்தைப் பாருங்கள். மொத்தம் ரூ.5,718 கோடி, அதில் உலக வங்கி 50 கோடி டாலர், ஏறக்குறைய ரூ.3,700 கோடி. கேரளா, மகாராஷ்டிரா உட்பட ஆறு மாநிலங்கள், தமிழ்நாடு இல்லை. நாட்டின் மொத்தப் பள்ளிக் கல்விச் செலவோடு வைத்துப் பார்த்தால் இது மொய்ப்பணம். ஆனால் 'பரக்' என்ற தேசிய மதிப்பீட்டு மையத்தை அமைப்பதும் இதில் ஒரு அங்கம். 2024 டிசம்பரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நாடு முழுக்க பரக் ஆய்வு நடந்தது. ஸ்டார்ஸ் பட்டியலில் இல்லாத மாநிலத்துப் பிள்ளைகளும் அதை எழுதினார்கள்.

ரசீதைக் காட்டிப் பணம் வாங்குகிற முறையும் இதில் இல்லை. பேசிவைத்த குறியீட்டை எட்டினால்தான் தவணை. கெடுவது இங்கேதான். எண்ண முடிந்தது மட்டுமே வேலை என்றாகிவிடும். பயிற்சி நடந்த நாட்களை எண்ணலாம். பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் கடன் வாங்கிக் கழித்தலை வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தாரா என்று பார்க்க ஆளில்லை. (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவேற்றத்தையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது நம் மாநிலத்தின் சொந்தச் சரக்கு.)

தேவகோட்டை_ரஸ்தா:
வேண்டாம் என்றும் சொல்லலாம். 15 வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நடத்தும் பீசா தேர்வின் 2009 சுற்று நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாசலமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. உறுப்பு நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டி இருக்க, நமக்கு வாசிப்பில் 337. கேள்விகளின் பின்னணியே நம் பிள்ளைகளுக்கு அந்நியம் என்று சொல்லி அடுத்த சுற்றுக்கு இந்தியா போகவில்லை.

ஆப்பிரிக்காவையும் சேருங்க. 1980-களில் கடன் நிபந்தனையோடு வந்த செலவுக் குறைப்பில் பல நாடுகளில் பள்ளிக் கட்டணம் ஏறியது. கென்யா 2003-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்ததும் 59 லட்சம் பிள்ளைகள் 72 லட்சமானார்கள். வகுப்பறையும் வாத்தியாரும் அந்த வேகத்தில் கூடவில்லை.

எம்.எட்_காரைக்குடி:
அப்ப 2024-25-இல் மத்திய அரசு நிறுத்திவைத்த ரூ.2,152 கோடி? பிள்ளைகள் அட்டை அட்டையாக எடுத்துத் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை?

பள்ளத்தூரான்:
முதலாவது டெல்லிக்கும் சென்னைக்கும் உள்ள வழக்கு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால், பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா பணம் நின்றது. அதற்கு உலகமயம் என்று பேர் வைத்தால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்குவீங்க. அட்டை முறை ஆந்திரத்து ரிஷிவேலியில் பிறந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள், 2007 வாக்கில் எஸ்.எஸ்.ஏ. வழியா மாநிலம் முழுக்க. யோசனை இந்த மண்ணுது, வண்டி மட்டும் அந்த வார்ப்பு.

ஒவ்வொரு திட்டத்துக்கும் மூணு தேதி எடுங்க: கடன் ஒப்பந்தம், மத்திய வழிகாட்டி, நம்ம அரசாணை. அரசாணை முந்தியிருந்தா வங்கி மேல பழி போட முடியாது. திட்ட ஆவணங்கள் வங்கியின் இணையதளத்திலேயே கிடைக்கும். தவணைக் குறியீட்டு அட்டவணையை முதல்ல படிங்க.

திண்ணை_ஆச்சி:
1991-இல ஆரம்பிக்காதீங்கப்பா. பர்மா, மலாயா, சிலோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண, போனவங்க சம்பாதிச்ச பணம் இங்க பள்ளிக்கூடமாவும் கல்லூரியாவும் நிக்குது. 1947-இல காரைக்குடியில கல்லூரி வச்ச அழகப்பர், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தார். அந்தப் பணம் எந்த ஊர்ல கட்டடம் எழும்பணும்னு முடிவு பண்ணுச்சு. மூணாம் வகுப்புப் பிள்ளைய எப்படி அளக்கணும்னு கேக்கல. அதுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்க.