'ஹைப்': தமிழில் எப்படிச் சொல்வது?

செ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். பொருள், ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பீ ஹியர் நௌ' ஆல்பம். 1995-இல் வந்த அவர்களது முந்தைய ஆல்பத்தைப் பற்றி மதிப்புரையாளர்கள் அரைமனதாகத்தான் எழுதினார்கள். மக்களோ வாங்கிக் குவித்தார்கள். அந்தச் சறுக்கலுக்கு ஈடுகட்டுவதுபோல், 1997 ஆகஸ்ட் 21-இல் இது வந்தபோது பிரிட்டிஷ் இதழ்கள் வானளாவப் புகழ்ந்தன. 'க்யூ' என்ற இசை இதழ் ஐந்து நட்சத்திரம் தந்தது. முதல் நாளிலேயே 4,20,000-க்கு மேல் விற்பனை. பிறகு கேட்டவர்கள் சலித்து, பழைய வட்டுக் கடைகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாட்டைக் கேட்குமுன்பே மதிப்புரை மனத்தில் ஏற்றிவைக்கும் அந்த எதிர்பார்ப்புக்கு, ஆங்கிலத்தில் 'ஹைப்' என்பதற்கு, தமிழில் என்ன சொல்? 'விளம்பரம்' பொருந்தாது, அது நிறுவனம் காசு கொடுத்துச் செய்வது.

மு.:
'மிகையெதிர்பார்ப்பு'. பார்த்தவுடன் புரியும். 'பில்டப்பு' என்று மாணவர்கள் சொல்வார்கள், ஆனால் அது தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது.

இரா.:
நூல் எழுத நன்னூல் சொல்லும் 32 உத்திகளுள் 'எதிரது போற்றல்' உண்டே. சுருக்கி 'எதிர்போற்றல்' எனலாம். நூலுக்கு முன்னுரையாக வரும் 'பாயிரம்' என்றும் யோசித்தேன். ஆனால் நூலைச் சிறப்பித்துச் சொல்லும் சிறப்புப் பாயிரம் தருவோர் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன். நால்வரும் வேண்டியவர்கள். மதிப்புரையாளர் அப்படி இருக்கக் கூடாது.

செ.:
ஐயா, அந்த உத்தி பிற்கால வழக்கை ஏற்பதைச் சொல்வது. 'எதிர்போற்றல்' என்றால் இன்றைய வாசகருக்கு எதிர்க்கட்சிதான் நினைவுக்கு வரும்.

தே.:
'மிகை' எனக்கு உடன்பாடில்லை. அது முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறது. 2004-இல் ஆர்கேட் ஃபயர் குழுவின் 'ஃப்யூனரல்' ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை மதிப்புரைத் தளம் பத்துக்கு 9.7 கொடுத்தது. அதை வெளியிட்ட மெர்ஜ் சிறிய நிறுவனம். கையிருப்பு தீர்ந்து திண்டாடியது. ஆல்பம் இன்றும் நிற்கிறது. இதில் மிகை எங்கே? 'முன்புகழ்' என்போம்.

மு.:
அதே ஆண்டு அதே தளம் டிராவிஸ் மாரிசனின் 'டிராவிஸ்டன்' ஆல்பத்துக்கு 0.0 போட்டதே, அம்மா. அதையும் முன்புகழ் என்பதா?

தே.:
அது 'முன்னிகழ்'. புகழ், இகழ் என்று இணை அமைகிறது.

இரா.:
அமையாது. முன் + இகழ், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி 'முன்னிகழ்'. முன் + நிகழ், 'முன்னாள்' போலப் புணர்ந்து அதுவும் 'முன்னிகழ்'. முன்பு நடந்தது என்றே படிப்பார்கள். நடுவில் கோடு போட்டால்தான் விளங்கும் என்றால் அது கலைச்சொல்லே அல்ல.

செ.:
நேரமில்லை. மு. பக்கமே நானும்: 'மிகையெதிர்பார்ப்பு', முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'ஹைப்'. 2004 பற்றிய பத்தியில் வெறும் 'எதிர்பார்ப்பு'.

தே.:
ஒரே கட்டுரையில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல்லா? ஆல்பம் தோற்றால் ஒன்று, வென்றால் வேறொன்று என்றால், மதிப்புரை என்ன செய்தது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.