ஐந்தில் இரண்டு எப்படித் தப்பாகும்?

வியாசர்பாடி, மாலை வகுப்பு ஆசிரியை:

1/2 + 1/3 போடச் சொன்னால் பாதி வகுப்பு 2/5 என்று எழுதும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி முடித்துவிடுவார்கள். நான் வழக்கமாக ஒரு கேள்விதான் கேட்பேன்: கையில் அரை இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய், வந்ததோ அரையைவிடக் குறைவு, சேர்த்தால் குறையுமா? பெரும்பாலான பிள்ளைகள் அதிலேயே ரப்பரைத் தேடுவார்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் அசையவில்லை. எங்கள் பகுதியில் கால்பந்து ஆடாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "டீச்சர், நேற்று இரண்டு பெனால்டி அடித்தேன், ஒன்று கோல். இன்று மூன்று அடித்தேன், அதிலும் ஒன்று கோல். மொத்தம் ஐந்தில் இரண்டு. இது எப்படித் தப்பாகும்?" என்றான்.

அவன் கணக்கு சரிதான். ஆனால் அது பின்னக் கூட்டல் இல்லை. நேற்றைய அரை என்பது இரண்டு உதைகளில் பாதி. இன்றையது மூன்று உதைகளில் ஒரு பங்கு. முழுமையே வேறு வேறு. கூட்டுவதென்றால் இரண்டு பங்கும் ஒரே அளவுள்ள முழுமையிலிருந்து வர வேண்டும். பலகையில் ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வரைந்து, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் பிரித்தேன். துண்டுகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. சாக்பீசை வாங்கி இரண்டையும் அவனே ஆறாறாகக் கோடு போட்டான். அரையில் மூன்று துண்டு, மூன்றில் ஒன்றில் இரண்டு துண்டு, ஆக 5/6. "அப்படியானால் என் பெனால்டி கணக்குக்கு என்ன பெயர்?" என்று அதற்குப் பிறகும் விடவில்லை. அது ஒரு வகைச் சராசரி என்றேன்.

காசிமேடு, படகுத் தச்சர்:

மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்றாலே பள்ளியில் எனக்கு வயிறு கலங்கும். இப்போது நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். எங்களுக்கு ஓர் இஞ்ச் என்பது எட்டு நூல். முக்கால் இஞ்ச் பலகைமேல் 3/8 இஞ்ச் பட்டை வைத்தால் ஆறு நூலும் மூன்று நூலும் ஒன்பது நூல். அதாவது ஓர் இஞ்ச் ஒரு நூல். யாரும் பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமப்படுத்துவதில்லை, நூலுக்கு மாற்றியதுமே அது சமமாகிவிடுகிறது. மகளுக்கு டேப்பை நீட்டி இதைப் பெருமையாகக் காட்டினேன். "1/3 இஞ்சுக்கு எத்தனை நூல், அப்பா?" என்று கேட்டாள். எட்டை மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். அவளுக்கு இஞ்சை 24 ஆகப் பிரித்த டேப் வேண்டும். நான் எந்தக் கடையிலும் அதைப் பார்த்ததில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, இல்லத்தரசி:

என் மகன் எதைக் கொடுத்தாலும் குறுக்குப் பெருக்கல்தான். 5/12 + 7/18 என்றால் 90, 84, கூட்டினால் 174, கீழே 216. தப்பில்லை. ஆனால் அதை ஆறால் சுருக்கி 29/36 என்று கொண்டுவருவதற்குள் தாள் நிறைந்துவிடுகிறது. 12, 18 இரண்டுமே 36-இல் அடங்கும். 15/36 + 14/36 என்று இரண்டு வரியில் முடியும். 3/4 + 2/5 மாதிரி, பகுதிகளுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத இடத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான், எப்படிப் போனாலும் கீழே 20 வரும். அதனால் முதலில் பொதுக் காரணி இருக்கிறதா பார் என்கிறேன். பார்க்கிறான், இருக்கிறது அம்மா என்கிறான், பிறகு குறுக்கே பெருக்குகிறான்.