மறு: இளகுசரிவா, ஊறுசரிவா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

நீர் ஊறிய பனி மலைச்சரிவில் கழன்று வருவதை ஆங்கிலத்தில் wet snow avalanche என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஐயா முன்வைத்த "இளகுசரிவு" ஓசை நயமான சொல்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை; "ஊறுசரிவு" என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு.

மே, ஜூனில் இமாச்சலத்தின் மணாலிப் பக்கம் 5,289 மீட்டர் உயர ஃபிரெண்ட்ஷிப் சிகரம் ஏறக் கோவை, ஈரோட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுக்கான கையேட்டுக்குத்தான் இந்தச் சொல். அந்தப் பருவத்தில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, நீர் உள்ளே இறங்கும். வழியில் ஒரு பனிக்கட்டி அடுக்கோ வழுக்குப் பாறையோ குறுக்கிட்டால் அங்கேயே தேங்கிப் பிடிமானத்தை அறுத்துவிடும். மேலே கிடப்பது மொத்தமாகக் கழன்று வரும். ஐப்பசி அடைமழையில் நம்மூர் மண்சுவர் விழுவதும் இப்படித்தானே? சுவர் முழுக்கக் கரைவதில்லை. அடி ஊறி, நின்ற வாக்கில் சாய்கிறது. பனிமேல் மழை பெய்தாலும் இதே ஆபத்துதான். அங்கே நீர் வெளியிலிருந்து வருகிறது. "இளகு" அதைச் சொல்லாது, "ஊறு" இரண்டையும் சொல்லும்.

ஊறு என்றால் தீங்கு அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊறுகாயை யாரும் தீங்குகாய் என்று எண்ணுவதில்லை.

வால்பாறை அக்கா எழுப்பிய கேள்விதான் என்னை உலுக்கியது. மழையில் மண்ணும் ஊறித்தான் சரிகிறது, வெறும் "ஊறுசரிவு" எதைக் குறிக்கும்? அவர் சொல்வது சரி. என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன்: ஊறுபனி, ஊறுபனிச்சரிவு. இதற்கு இணையாகக் குளிர்காலத்துக்கு உலர்பனி, உலர்பனிச்சரிவு. உலர்பனி புகையாகப் பறந்து வரும். ஊறுபனி அத்தனை வேகமில்லை. ஆனால் கனம் மிகுதி, நின்றதும் காரை போல இறுகிவிடும். புதைந்தவரைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு சொல்லும் வேண்டும். பகலில் இளகிய பனி இரவில் மேலே கெட்டியாக உறைகிறதே, அதைப் "பொருக்கு" என்றே சொல்லலாம். குளம் வற்றினால் வண்டல் பொருக்குத் தட்டுவதைப் பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை. வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுவது வெக்கைக்குப் பயந்து. பனிமலையில் நள்ளிரவில் கிளம்புவது பொருக்கை நம்பி. மேகம் மூடிய இரவில் பனியின் வெப்பம் வெளியேறாது, பொருக்கு சரியாகக் கட்டாது. அன்றைக்குக் கிளம்பவே கூடாது. கிளம்பிய நாளிலும் வெயில் உறைக்குமுன் இறங்கிவிட வேண்டும். கால் கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். கையேட்டில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

சரிவில் தானாக உருண்டு வரும் சிறு பனி உருண்டைகளும் முன்னறிகுறிதான். அதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. மலையோரம் ஆடு மேய்ப்பவர்களிடம், தானே உருண்டு வரும் கல்லுக்கோ மண்கட்டிக்கோ ஏதேனும் பெயர் புழங்குகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.