புதுப்பிப்பு: டார்க் சாக்லேட் தின்ற எங்கள் நாய் மணி தேறிவிட்டான்

ஓசூரிலிருந்து வந்த உறவினர் பையில் இருந்த டார்க் சாக்லேட்டை மணி தின்றுவிட்டான், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். இப்போது நலம். கிருஷ்ணகிரியில் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், அப்புறம் வயிற்றில் மிச்சமுள்ள விஷத்தை உறிஞ்சும் கரி மருந்து கொடுத்தார்.

வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர்களே, அன்போடு கேட்கிறேன், இனி யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். உப்பே நாய்க்கு விஷமாகலாம்.

சாக்லேட்டில் உள்ள, நாய்க்கு விஷமாகும் தியோபுரோமின் என்ற பொருள் நாயின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதனால் முதல் சில மணி நேரம் நாய் நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. நடுக்கம், படபடப்பு எல்லாம் பிறகுதான் வரும். மருத்துவரிடம் போகும்போது சாக்லேட் உறையையும் எடுத்துப் போங்கள். நாயின் எடை, தின்ற அளவு, சாக்லேட் வகை பார்த்துத்தான் சிகிச்சை முடிவாகும்.