சித்தப்பாவோட சோப்பு டப்பா டார்ச்

சித்தப்பா வேளச்சேரி: தெருவே இருட்டு. எங்க வீட்ல மட்டும் வெளிச்சம் 😎
சித்தப்பா வேளச்சேரி: 📷 போட்டோ
அத்தை பெரம்பூர்: என்னடா இது சோப்பு டப்பாவுக்குள்ள பல்பு எரியுது
சித்தப்பா வேளச்சேரி: டார்ச்சுக்கா. நானே பண்ணது. உள்ள இருக்கறது ஹால் கடிகாரம் நின்னு போச்சுன்னு இவ குப்பைல போட்ட செல்லு
சித்தி: குப்பைய கிளறினத பெருமையா வேற போடறாரு பாருங்க அண்ணி
கார்த்தி அண்ணா: சித்தப்பா வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ட்டாச்சும் வேணுமே, புது செல்லே 1.5 தான், இது செத்த செல்லு
சித்தப்பா வேளச்சேரி: அதாண்டா விஷயம். இந்த சர்க்யூட் பேரு ஜூல் தீஃப்
அத்தை பெரம்பூர்: நகை திருடனா??
கார்த்தி அண்ணா: 😂😂 அத்தை ஜூல். கரண்ட்டு எனர்ஜிய அளக்கற கணக்கு
சித்தப்பா வேளச்சேரி: ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்ப உடைக்காம அடி மூடிய மட்டும் கழட்டினேன், உள்ள சின்னதா ஃபெரைட் வளையம், அதான் காந்தம் ஒட்டற கருப்பு வளையம், இருந்துச்சு, அதுல ரெண்டு வயர சேத்து 15 சுத்து, அதான் காயில், அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின 2என்2222 டிரான்சிஸ்டர் ஒண்ணு, 1கே ரெசிஸ்டர் ஒண்ணு அவ்ளோதான். டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ ஆன் ஆஃப் ஆகும், ஆஃப் ஆகற நேரம் காயில் கரண்ட்ட நிறுத்த விடாது, வோல்ட்ட எகிற வெச்சு எல்ஈடிக்குள்ள தள்ளும். அது மினுக்கறது கண்ணுக்கே தெரியாது
நான்: மொத தடவையே எரிஞ்சுதா
சித்தப்பா வேளச்சேரி: எங்க. ரெண்டு நாள் எரியலை. வயர் மேல இருக்கற எனாமல் பூச்ச முனைல சுரண்டாம சால்டர் பண்ணிருக்கேன். சுரண்டினா அப்பவும் எரியலை, ஒரு சுத்தோட ரெண்டு முனையும் மாத்தி குடுத்துட்டேன் போல, திருப்பி போட்டேன் பளிச்சுனு எரிஞ்சுது
சித்தி: அந்த ரெண்டு நாளும் டைனிங் டேபிள்ல யாருக்கும் சாப்பாடு கெடையாது
நான்: நான் ஒரு எல்ஈடிக்கு 9 வோல்ட்ட நேரா குடுத்தேன். ஒரு செகண்ட். செத்துடுச்சு
சித்தப்பா வேளச்சேரி: கரண்ட்ட குறைக்க ரெசிஸ்டர் இல்லாம குடுப்பியா! மூணு பென்சில் செல்லு போடு, 4.5. எல்ஈடி 3.2 எடுத்துக்கும், மிச்சம் 1.3. அத 20 மில்லி ஆம்ப்பால வகுத்தா 65 ஓம், கடைல 68னு கேளு. நீள கால் பிளஸ்
நான்: பழைய லேப்டாப் பேட்டரிய பிரிச்சு போடலாமா
சித்தப்பா வேளச்சேரி: அத தொடாத. லித்தியம் ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்
அம்மா: ஏற்கனவே பிரிச்சிட்டான்னு நெனைக்கிறேன்
அத்தை பெரம்பூர்: 2015 வெள்ளத்துல இது இருந்திருந்தா மெழுகுவத்திக்கு அலைஞ்சிருக்க வேணாம். எனக்கு ஒண்ணு பண்ணி குடுடா
சித்தி: இங்க கரண்ட் வந்துடுச்சு. இத எப்படி அணைக்கறது, சுவிட்ச்சே காணோம்
சித்தப்பா வேளச்சேரி: சுவிட்ச் வைக்கலை. செல்ல கழட்டு
அத்தை பெரம்பூர்: எனக்கு சுவிட்ச் வெச்சது 🙏