மறு: ‘ரெஃப்ரிஜரண்ட்’ என்பதற்குக் ‘குளிர்வாயு’ வேண்டாம், ‘குளிர்பாய்மம்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு ஏசியைக் கோடைக்கு முன் ஆயத்தப்படுத்துவது பற்றிய கையேட்டின் சொற்பட்டியலில், ‘ரெஃப்ரிஜரண்ட்’, அதாவது ஏசியின் குழாய்களுக்குள் சுற்றி அறையைக் குளிர்விக்கும் பொருள், என்பதற்கு நேரே ‘குளிர்வாயு’ என்று குறிக்கப்பட்டுள்ளது. பட்டியலின் மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. அமுக்கி, ஆவியாக்கி, வடிகுழாய் ஆகியவை நன்றாகவே அமைந்திருக்கின்றன. இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். கையேட்டைப் படிப்பவரின் பணத்தையும் பாதுகாப்பையும் நேரடியாகத் தொடும் சொல் இது.

மக்கள் வழக்கில் ஏற்கெனவே ‘கேஸ்’ என்றுதான் இருக்கிறது, ஆகவே ‘குளிர்வாயு’ எளிதில் நிலைத்துவிடும் என்பது முன்மொழிந்த நண்பரின் வாதம். வழக்கை ஒட்டிச் சொல்லாக்க வேண்டும் என்பதில் நானும் அவர் பக்கமே. ஆனால் இந்த வழக்கு ஒரு தவறான புரிதலையும் சேர்த்தே சுமந்து வருகிறது. ‘கேஸ் தீர்ந்துவிட்டது’, ‘சீசனுக்குச் சீசன் கேஸ் போட வேண்டும்’ என்ற பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள், அடுப்பு எரிவாயுவைப் போல இதுவும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று நம்புகிறார்கள். உண்மையில் அது மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அடைபட்டிருக்கும் பொருள். அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை உள்வாங்கி, வெளியே நீர்மமாகும்போது அதை விட்டுவிட்டு, அதே பொருள் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்திருக்கிறதென்றால், பொருத்தியபோதே குறைவாக நிரப்பியிருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிந்திருக்க வேண்டும். கசிவைத் தேடாமல் ஒவ்வொரு கோடையிலும் நிரப்பிக்கொண்டிருப்பவர், காற்றில் கலந்து போவதற்காகவே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது காரணம், ‘வாயு’ என்பது பாதி உண்மை மட்டுமே. வெளி அலகையும் உள் அலகையும் இணைக்கும் இரண்டு செம்புக் குழாய்களைப் பாருங்கள்: குளிர்விக்கும்போது தடித்த குழாயில் ஆவி திரும்பி வருகிறது, மெல்லிய குழாயில் பெரிதும் நீர்மமே போகிறது. நிரப்பும் வேலையில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. இப்பொருளில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 ஆகிய இரண்டு வகைகளையும் எடையில் சரிபாதியாகக் கலந்த கலவை. அதை உருளையிலிருந்து நீர்மமாகவே எடுத்து நிரப்ப வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறக்கூடும். ‘குளிர்வாயுவை நீர்மமாக நிரப்பவும்’ என்று ஒரு கையேட்டில் எழுத நேர்ந்தால், படிப்பவர் அச்சுப் பிழை என்றே நினைப்பார்.

நீர்மம், வாயு இரண்டையும் ஒருங்கே குறிக்கப் பாய்மம் என்ற சொல் பாடநூல்களிலேயே புழங்குகிறது. எனவே ‘குளிர்பாய்மம்’ என்பது என் முன்மொழிவு. இந்தப் பொருள் வெப்பமாகவும் இருக்குமே, அமுக்கியிலிருந்து வெளிவரும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ‘குளிர்ந்த பாய்மம்’ என்று விரித்தால் அந்தத் தடை சரிதான். ஆனால் ‘குளிரைத் தரும் பாய்மம்’ என்று விரிப்பதற்கு நம் வழக்கிலேயே இடம் இருக்கிறது. குளிர்கண்ணாடி தன்னளவில் குளிர்ச்சியான கண்ணாடி அன்று. கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது. அந்தக் கூட்டுச்சொல்லை யாரும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை.

வேறு மாற்றுச் சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘குளிரூட்டி’ ஏசியையே குறிக்கவும், வாகன எஞ்சினில் ஊற்றும் திரவத்தைக் குறிக்கவும் ஆகிவிட்டது. மூன்றாவது சுமையை அது தாங்காது. ‘வெப்பமேந்தி’ எனக்குப் பிடித்த சொல், வேலையின் சாரத்தைச் சொல்கிறது. ஆனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரும் வெப்பத்தை ஏந்துகிறது. நிலை மாறுவதன் மூலம் குளிரைத் தரும் இந்தப் பொருளை அதிலிருந்து இச்சொல் பிரித்துக் காட்டவில்லை. ‘குளிர்பதனப்பொருள்’ பிழையற்றது, எனினும் மேலும் சொற்களை ஒட்டும்போது நீண்டுவிடுகிறது. குளிர்பாய்மக் கசிவு, குளிர்பாய்ம அளவு, குளிர்பாய்ம மீட்பு, எரியக்கூடிய குளிர்பாய்மம் என்று ஒட்டிப் பார்த்தால், எதுவும் வாயில் இடறவில்லை.

ஒரு சொல்லைப் பட்டியலில் வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதே மேல் என்பதால், கையேட்டின் ஒரு பகுதியை இச்சொல்லோடு எழுதித் தருகிறேன்:

“வெப்பம் கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, காற்று வடிகட்டியைக் கழுவி நிழலில் நன்கு உலர்த்தி மாட்டவும். வெளி அலகைச் சுற்றியுள்ள சருகையும் பொருட்களையும் அகற்றவும். அதன் மெல்லிய தகட்டு இதழ்கள் வளையாதபடி, அழுத்தம் குறைந்த நீரால் கழுவவும். வடிதட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, அது வடிகுழாய் வழியே தடையின்றி வெளியேறுகிறதா என்று பார்க்கவும். பிறகு குளிர்விக்கும் நிலையில் 15 முதல் 20 நிமிடங்கள் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையும் அளக்கவும். வேறுபாடு பொதுவாக 8 முதல் 12 பாகை செல்சியசு வரை இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளிலும், இன்வெர்ட்டர் வகை தணிந்த வேகத்தில் ஓடும்போதும் இது குறையலாம். வேறுபாடு தொடர்ந்து குறைவாகவே இருந்தால் முதலில் வடிகட்டியையும் சுருள்களையும் ஐயுறவும், அதன் பிறகே குளிர்பாய்ம அளவை. செம்புக் குழாய் இணைப்பின் திருகுமரையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், அங்கே குளிர்பாய்மக் கசிவு இருக்கக்கூடும். சுற்றுக்குள் இருக்கும் எண்ணெயும் கசிவோடு சேர்ந்து வெளிவருவதே காரணம். கசிவை அடைத்து, குழாய்ச் சுற்றை வெற்றிடமாக்கி, ஏசியின் பெயர்ப்பலகையில் குறித்துள்ள எடைக்கு நிறுத்து நிரப்பச் சொல்லவும். குழாயின் நீளம் கூடுதலாக இருந்தால், உற்பத்தியாளர் சொல்லும் கூடுதல் எடையையும் சேர்க்க வேண்டும்.”

இதே பத்தியில் ‘குளிர்வாயு அளவு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். கடைசி வாக்கியங்களுக்கு வரும்போது, எரிவாயு உருளையை மாற்றுவது போன்ற எண்ணமே மீண்டும் தலைதூக்குகிறது.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே, பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 வகை விலக்கப்பட்டு வருகிறது. அந்த உடன்படிக்கைக்கு 2016இல் ஏற்கப்பட்ட கிகாலி திருத்தம், புவியைச் சூடாக்கும் ஆற்றல் மிகுந்த அடுத்த தலைமுறைப் பொருட்களையும் குறைக்கச் சொல்கிறது. இதனால் வீடுகளுக்கு இப்போது வருபவற்றில் ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றும் வகை, ஆர்-290 என்பதோ புரொப்பேன், எளிதில் தீப்பற்றுவது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை நிரப்பக் கூடாது, கலக்கவும் கூடாது. ‘கேஸ்’ என்றோ ‘வாயு’ என்றோ பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பழக்கத்தில், எந்த வகை என்று கேட்கும் எண்ணமே எழுவதில்லை. ‘உங்கள் ஏசியின் குளிர்பாய்மம் எது?’ என்ற கேள்வி கையேட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதோடு இணைந்த இரண்டு சொற்களையும் முடிவு செய்துவிட்டால் நல்லது. கசிவைச் சரிசெய்யாமல் குறைந்ததை மட்டும் ஊற்றிவிட்டுப் போகும் ‘டாப்-அப்’ வேலைக்குக் ‘குறைநிரப்பல்’ என்றும், முழுவதையும் மீட்டெடுத்து நிறுத்து நிரப்புவதற்கு ‘எடைநிரப்பல்’ என்றும் இரண்டு பெயர்கள் வேண்டும். வீட்டுக்காரர் தமக்கு எது செய்யப்பட்டது என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும். அதுபோலவே, உள் அலகிலிருந்து தண்ணீர் சொட்டுவதையும் குளிர்பாய்மம் வெளியேறுவதையும் ‘லீக்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். முன்னது பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பு, வீட்டிலேயே சரிசெய்யக்கூடியது. பின்னது பயிற்சி பெற்றவரின் வேலை. தண்ணீருக்கு ‘ஒழுகல்’, குளிர்பாய்மத்துக்கு மட்டும் ‘கசிவு’ என்று கையேடு முழுவதும் பிரித்து ஆள்வோமா? மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் சொல்லை, மேலே உள்ள பத்தியில் பொருத்தி எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன்.