மலிவு விமானத்தில் மணிக்கணக்கில் தாமதம்: யாரிடம் என்ன கேட்பது?

ஜன்னலோரம்:
போன வாரம் ஒரு மலிவுக் கட்டண விமானத்தில் போனேன். அரை மணி நேரம் தாமதம் என்று முதலில் குறுஞ்செய்தி வந்தது, அப்புறம் இன்னொரு அரை மணி, அப்படியே தவணை தவணையாக நீண்டு நாலு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ஒருவழியாக ஏற்றினார்களே என்று பார்த்தால், கதவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஏசி பெயருக்கு ஓடுகிறது, மடிமேசையில் யாரோ சிந்திய பானம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, தண்ணீர் கேட்டால் விற்பனை மேலே போன பிறகுதானாம். காரணம் கேட்டால் "தொழில்நுட்பக் கோளாறு", அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

நடுசீட்டு:
காசுக்கேத்த தோசை. அந்த விலைக்கு இவ்வளவுதான்.

கடைசிவரிசை:
இடநெருக்கடிக்கு அது சரி. இருக்கைக்கும் இருக்கைக்கும் 28-லிருந்து 30 அங்குலம்தான் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். தாமதத்துக்கு அது பதில் இல்லையே. இந்தக் கம்பெனிகள் ஒரே விமானத்தைக் காலையிலிருந்து ராத்திரி வரை ஊர் ஊராக ஓட்டுகின்றன, இறங்கியதிலிருந்து மறுபடி கிளம்ப 25, 30 நிமிடம்தான் கொடுப்பார்கள். காலையில் சறுக்கினால் சாயங்காலத்துக்குள் அது மணிக்கணக்காகிவிடும், மாற்று விமானம் பெரும்பாலும் கையில் இருக்காது. ஊழியர்களின் வேலை நேர வரம்பு வேறு முடிந்துவிட்டால் விமானமே ரத்து. அந்த 25 நிமிடத்துக்குள்தான் சுத்தம் செய்வதும், பல இடங்களில் பணிப்பெண்களே பையோடு ஓடி ஓடிக் குப்பை பொறுக்குவார்கள், உங்கள் மேசையை யார் துடைப்பது!

அதனால் நான் எப்போதும் நாளின் முதல் விமானத்தைத்தான் எடுப்பேன். விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24 மாதிரி தளம் ஒன்றில் நமக்கான விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். அது முந்தைய ஊரிலிருந்தே கிளம்பவில்லை என்றால் பலகையில் "சரியான நேரம்" என்று போட்டிருப்பதை நம்பவே வேண்டாம்.

விதிப்பிரியன்:
எங்கிருந்து எங்கே போனீர்கள் என்று சொல்லவில்லையே நண்பரே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் 261/2004 விதி பொருந்தும், டிக்கெட் விலை எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது. போய்ச் சேர 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு, காத்திருக்கும்போது சாப்பாடும் தண்ணீரும் தனி. சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தைக் காட்டிக் கழித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள், ஒரு கதவாவது திறந்த நேரம்தான் கணக்கு என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு, இழப்பீடு தராமல் இருக்க இடம் தரும் "அசாதாரணச் சூழ்நிலை" ஆகாது என்று 2008-லேயே தீர்ப்பு இருக்கிறது. புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது, ஆனால் சாப்பாடு அப்போதும் தர வேண்டும்.

அமெரிக்காவில் தாமதத்துக்கு இப்படி இழப்பீடு கிடையாது. ஆனால் உள்நாட்டு விமானத்தைத் தரையில் 3 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது, 2 மணி நேரத்துக்குள் தண்ணீர் கொடுத்தாக வேண்டும்.

மற்ற இடங்களில் சர்வதேசப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. தாமதத்தால் நீங்கள் செலவழித்ததைக் கேட்கலாம், ரசீது வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார்.

ஜன்னலோரம்:
நன்றி. ஐரோப்பாவுக்குள்தான், இரண்டு மணி நேரப் பயணம். அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம் என்று மெயில் வந்திருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம்.

விதிப்பிரியன்:
அழுத்தாதீர்கள்! நீங்களாக ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர், இல்லையென்றால் பணமாகத்தான் தர வேண்டும். விதி எண், விமான எண், கதவு திறந்த நேரம், வங்கிக் கணக்கு, இவ்வளவையும் போட்டு நாலு வரியில் அவர்களுடைய இழப்பீட்டுப் படிவத்திலேயே அனுப்புங்கள். கமிஷனுக்கு வாங்கித் தரும் ஏஜென்ட்டுகளிடம் முதலிலேயே போகாதீர்கள், நல்ல பங்கை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி கைவிரித்தால் கிளம்பிய நாட்டின் விமானப் பயணிகள் குறைதீர் அமைப்புக்குப் போகலாம்.

கடைசிவரிசை:
போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?